இரண்டெழுத்தில் ஒரு காரின் மதிப்பு

1969 கமாரோ இசட்/28 காரை மீட்டெடுப்பவர் எந்த இன்ஜின் பிளாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? வார்ப்பு எண், தேதி, முத்திரை மூன்றையும் படிப்பது ஒரு கலை. படித்ததை மறைக்காமல் சொல்வது அதைவிடப் பெரிய காரியம்.

ஒரே பவுண்டரி, ஒரே அச்சு. அடுத்தடுத்த நாட்களில் உருக்கி ஊற்றிய இரண்டு இரும்பு பிளாக்குகள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் நான்கு அங்குலம். கிராங்க் உட்காரும் இடத்தின் அளவும் ஒன்றுதான், பின்புறத்தில் புடைத்து நிற்கும் ஏழு இலக்க எண்ணும் ஒன்றுதான். முன்பக்கத்தில் ஒரு சிறிய திட்டில் குத்தியிருக்கும் எழுத்து மட்டும் வேறு. அது ‘டி.இசட்.’ என்று இருந்தால், பந்தயத்துக்காகவே பிறந்த கமாரோ இசட்/28-இன் 302 கன அங்குல இன்ஜின். வேறு எழுத்து என்றால், அதே ஆண்டின் சாதாரண 350 இன்ஜின்.

இரும்பில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் பழைய கார் சந்தையில் இவற்றின் விலை வேறு, மரியாதை வேறு. இன்ஜின் தொலைந்துபோன ஒரு இசட்/28 கூட்டை வாங்கி உயிர் கொடுக்க நினைப்பவரின் முதல் பெரிய முடிவு இந்த பிளாக்தான். வண்ணம், சீட் துணி, சக்கரம் எதில் தவறினாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிளாக்கில் தவறினால் இன்ஜினை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

பந்தய விதி பெற்ற பிள்ளை

மஸில் கார் என்ற வகைக்கே இன்ஜின்தான் அடையாளம். 1964-இல் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஜி.டி.ஓ.வைத் தனி மாடலாகக் காட்டாமல், கூடுதல் விருப்பத் தொகுப்பாகக் காட்டி அந்த விதியைத் தாண்டினார்கள். அன்று தொடங்கிய போட்டியில் 396, 427, 428, 440, 454 என்று அளவு ஏறிக்கொண்டே போனது.

இசட்/28-இன் கதை இதற்கு நேரெதிர். அது அளவு குறைத்துப் பிறந்த கார். அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் 5 லிட்டர், அதாவது 305 கன அங்குலம்தான் உச்ச வரம்பு. செவ்ரோலேயின் வின்ஸ் பிக்கின்ஸ் கமாரோவை அந்தப் பந்தயத்துக்குக் கொண்டுவர முனைந்தார். 327 இன்ஜினின் நான்கு அங்குல சிலிண்டரில், 283 இன்ஜினின் மூன்று அங்குல பிஸ்டன் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். கணக்குப் போட்டால் 302 கன அங்குலம் வரும். அகலமான சிலிண்டர், குட்டையான ஓட்டம். அதனால் வேகமாகச் சுழன்று, மேல் வேகத்தில் சக்தியைக் கொட்டும் இன்ஜின் கிடைத்தது. நிறுவனம் அறிவித்த சக்தி 290 குதிரைத்திறன். அது குறைத்துச் சொன்ன கணக்கு என்று அந்தக் காரை ஓட்டியவர்கள் பலரும் நம்பினார்கள்.

இசட்/28 என்பது முதலில் விற்பனைத் தாளில் இருந்த விருப்பக் குறியீடு. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 1967-இல் விற்றவை 602 கார்கள் மட்டுமே. 1968-இல் ரோஜர் பென்ஸ்கி அணிக்காக மார்க் டோனஹியூ கமாரோ ஓட்டி, 13 பந்தயங்களில் 10-இல் வென்றார். 1969-இலும் பட்டம் கமாரோவுக்கே. அந்த ஆண்டு இசட்/28 விற்பனை 20,000-ஐத் தாண்டியது. இன்று அதிகம் மீட்டெடுக்கப்படுவதும், அதிகம் போலி செய்யப்படுவதும் இந்த 1969 மாடல்தான்.

போலி செய்வது ஏன் எளிது? 1969 கமாரோவின் வாகன அடையாள எண்ணைப் பார்த்தால் ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா என்பது மட்டும்தான் தெரியும். எந்த எட்டு சிலிண்டர் என்பது தெரியாது. அதே காலத்து போர்டு மஸ்டாங்கில் ஐந்தாவது இடத்தில் ‘ஜி’ என்றிருந்தால் அது பாஸ் 302. 1969 பிளைமவுத், டாட்ஜ் கார்களில் அதே இடத்தில் ‘ஜே’ என்றிருந்தால் 426 ஹெமி. போர்டு கார்களுக்கு 1967 முதலான உற்பத்திப் பதிவுகளிலிருந்து மார்ட்டி ரிப்போர்ட் பெறலாம். பான்டியாக்குக்கும் பழைய பதிவுகளிலிருந்து சான்று கிடைக்கிறது. கனடாவில் விற்ற கமாரோவுக்கு அந்நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் ஆவணம் தருகிறது. அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. முதல் உரிமையாளர் பத்திரப்படுத்திய விற்பனைத் தாள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பேச வேண்டியது இரும்புதான்.

நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் இருக்கும். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கார்களின் உரிமைப் பத்திரத்தில் வாகன அடையாள எண் மட்டுமே இருக்கும். எந்த இன்ஜின் உள்ளே இருக்கிறது என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறாது. அந்த பிளாக்கின் மேல் இவ்வளவு கவனம் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரும்பைப் படிக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது வார்ப்பு எண். பிளாக்கின் பின்பக்கம் கியர் பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்கமாக அது இருக்கும். அமெரிக்கக் காரில் அது இடது பக்கம். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, அரை நூற்றாண்டு கிரீஸையும் அதன் அடியிலுள்ள ஆரஞ்சு பெயின்ட்டையும் எடுத்தால், விரலால் தடவியே படிக்கும் அளவுக்கு எண் புடைத்து நிற்கும். வார்க்கும்போதே அச்சிலிருந்து எழும்பி வந்த எண் அது. 1969 இசட்/28-க்கு மூன்று வார்ப்பு எண்கள் பொருந்தும். மாடல் ஆண்டின் தொடக்கத்தில் 3932386, பிறகு 3956618, கடைசியாக 3970010. கார் எந்த மாதத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்துச் சரியான எண் மாறும்.

அடுத்தது வார்ப்புத் தேதி. அதே பின் விளிம்பில், எதிர்ப்பக்கத்தில் இருக்கும். முதலில் மாதத்துக்கு ஓர் எழுத்து: ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘பி’ என்றால் பிப்ரவரி. பிறகு நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். ‘டி 22 9’ என்றால் ஏப்ரல் 22, 1969.

மூன்றாவது, பஞ்ச் அடித்த எண். பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையான ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். ‘வி 0425 டி.இசட்.’ என்று அதில் இருந்தால், ‘வி’ பிளின்ட் இன்ஜின் ஆலையைக் குறிக்கும். 0425 என்பது ஏப்ரல் 25, அதாவது இன்ஜினைப் பூட்டி முடித்த நாள். டி.இசட். என்பது 302 இசட்/28. 1968 மாடலிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியையும் இன்ஜினில் குத்தினார்கள். 1969-இல் ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் செய்த கமாரோ என்றால், ‘19என்’ என்று தொடங்கி காரின் கடைசி ஆறு இலக்கங்கள் வரும். அது அந்தத் திட்டிலோ ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ இருக்கும். இந்த ஆறு இலக்கங்கள் காரோடு பொருந்தினால்தான் ‘நம்பர்ஸ் மேட்சிங்’.

இந்த மூன்றையும் காரின் உடல் தகட்டில் உள்ள தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தகட்டில் ‘05பி’ என்றிருந்தால் மே மாதத்தின் இரண்டாவது வாரம். மிஷிகன் மாநிலம் சாகினாவில் வார்த்து, பிளின்ட்டில் பூட்டி, நார்வுட்டுக்கு அனுப்பி, அங்கே காரில் இறக்க வேண்டும். எனவே வார்ப்பு முதலில், பூட்டுதல் அடுத்து, கார் கடைசியில். இந்த வரிசை எக்காரணத்தாலும் மாறாது. கார் உருவான பிறகு வார்த்த பிளாக் அந்தக் காரில் பிறந்ததாக இருக்கவே முடியாது. சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரையிலான இடைவெளி இயல்பு. கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலைக்குப் போன இன்ஜின் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். கார்வெட் கார்களை ஆராயும் தேசிய கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சங்கம், காரின் உற்பத்திக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பாகத்தின் தேதி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. மற்ற கார்களுக்கும் அது நல்ல வழிகாட்டி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3970010 என்ற வார்ப்பு எண் 1969-இல் முடியவில்லை. 1970-கள் முழுக்க அதே எண்ணில் பிளாக்குகள் வந்துகொண்டே இருந்தன. தேதியில் ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம்தான் என்பதால், ‘9’ என்பது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். எங்கோ ஒரு சரக்கு வேனில் ஓடிய இன்ஜின், பத்து ஆண்டு முன்னே தள்ளி விற்பனைக்கு வரும். முன்திட்டைப் பார்த்தால் பிடித்துவிடலாம். 1970 மாடலிலிருந்து செவ்ரோலேயின் குறியீடு மூன்று எழுத்தாகிவிட்டது. மூன்று எழுத்து இருந்தால் அது 1969 மாடல் பிளாக் அல்ல. திட்டு வெறுமையாகச் சீவப்பட்டிருந்தால், விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பி விலை பேசக் கூடாது.

ஆயில் சம்ப்பைக் கழற்றியும் ஒரு முறை பார்க்க வேண்டும். 1968, 1969 இசட்/28-களில் கிராங்க்கைத் தாங்கும் நடு மூன்று மெயின் கேப்களை நான்கு நான்கு போல்ட் பிடித்திருக்கும். 3970010 வார்ப்பில் இரண்டு போல்ட் பிளாக்குகளும் உண்டு. வெளியே உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வயதான இரும்பின் உடல்நிலை

எண்ணும் தேதியும் சரியாக இருந்துவிட்டால் போதாது. அது ஓட வேண்டிய இன்ஜின். குளிர்நாட்டில் உறைதடுப்புத் திரவம் இல்லாமல் தண்ணீரோடு நின்ற இன்ஜினில், தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும்போது வெளிச்சுவர் விரிசல் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தத் துகள் சோதனை காட்டிக்கொடுக்கும். பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகச் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த கேள்வி, சிலிண்டர் சுவரில் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பது. ஒவ்வொரு ரீபோரும் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. நான்கு அங்குல சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்குவது வழக்கமான வேலை. 0.060 வரை போனால் சுவர் மெலிந்து சூடேறும் கவலை வருகிறது. பழைய பிளாக்கில் வார்க்கும்போதே உள்ளச்சு சற்று நகர்ந்திருந்தால், ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கச் சுவர் மெலிந்தும் இருக்கும். ஒலி அலையால் சுவர்த் தடிமனை எட்டு சிலிண்டரிலும் பல இடங்களில் அளந்து பார்க்காமல் ரீபோருக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. சுவர் மெலிந்துவிட்டால் ஸ்லீவ் போட்டு மறுபடி நான்கு அங்குலத்துக்கே கொண்டுவரலாம். இசட்/28 விஷயத்தில் அதில் ஒரு நியாயமும் உண்டு. 0.030 ரீபோர் செய்தால் 302 இன்ஜின் 306 ஆகிவிடுகிறது. எந்த 305 வரம்புக்காக அது பிறந்ததோ, அந்த வரம்பையே கணக்கில் தாண்டிவிடும்.

ரீபோர் பட்டறைக்கு அனுப்பும்போது எழுத்தில் சொல்லி அனுப்ப வேண்டிய ஒன்று உண்டு. ஹெட் உட்காரும் மேல்தளத்தை மட்டப்படுத்தச் சீவுவது அங்கே அன்றாட வேலை. முன்திட்டும் அதே தளத்தின் ஒரு பகுதிதான். கவனிக்காமல் சீவினால் ஆலை குத்திய எண் ஒரே ஓட்டத்தில் காணாமல் போகும். எத்தனையோ நல்ல இசட்/28-கள் இப்படித்தான் தங்கள் ஜாதகத்தை இழந்தன. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒரு நல்ல தொழிலாளியின் கையாலேயே அது நடந்தது. பழைய கார் வேலை தெரிந்த பட்டறைகள் அந்தத் திட்டை விட்டுவிட்டு மீதியைச் சீவுகின்றன.

பொய் எண்ணைக் கண்டுபிடிப்பது

செவ்ரோலே ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை புரோச் என்ற பெரிய இயந்திரம் நேர்கோட்டில் இழுத்துச் சீவியது. அதன் பற்கள் முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். முன்திட்டைச் சுத்தம் செய்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கோடுகளின் மேல் எண் குத்தியிருப்பது தெரியும். பிற்காலப் பட்டறைகளில் சீவும் கருவி பெரும்பாலும் சுழலும். அது விட்டுச் செல்வது வளைகோடு. திட்டில் வளைகோடு இருந்தால், அல்லது கோடே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், ஆலை குத்திய எண் அங்கே மிஞ்சியிருக்க வழியில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. டி.இசட். குறியீடு பிளின்ட்டில் குத்தியது. காரின் எண் நார்வுட்டில் குத்தியது. இரண்டு ஊர், இரண்டு கை, இரண்டு பஞ்ச் செட். இரண்டிலும் எழுத்தின் உருவமும் ஆழமும் ஒன்றுபோல இருந்தால், ஒரே மேஜையில் ஒரே ஆள் குத்தியது என்று சந்தேகிக்கலாம். இப்போது கோடுகளையும் போலியாக இழுக்கிறார்கள். புடைத்த வார்ப்புத் தேதியைக்கூட ராவிவிட்டு வேறு தேதியை ஒட்டுகிறார்கள். அதனால் பெரிய தொகை கைமாறும் முன் அந்த மாடலையே வாழ்நாள் வேலையாகப் பார்ப்பவர் ஒருவரிடம் காட்டுவது அவசியம்.

இவ்வளவு பாடுபட்டுப் போலி செய்யக் காரணம் விலைதான். 2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. சிறிய இன்ஜினோடு வந்த அதே உடல் அதன் அருகில்கூட வர முடியாது. வாகன அடையாள எண்ணைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். ஆனாலும், ‘ஆலை குத்தியது போலவே மறுபடி குத்துவதும் மீட்டெடுப்பின் ஒரு பகுதிதானே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்பதுதான் பதில். பெயின்ட் அடிப்பது காரின் தோற்றத்தைத் திருப்பித் தருகிறது. எண் குத்துவது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. இன்றைய உரிமையாளர் விற்கும்போது உண்மையைச் சொல்லிவிடலாம். அடுத்தவர், அதற்கடுத்தவர் சொல்வார்களா? இரும்பில் குத்திய பொய் ஆட்களைத் தாண்டி வாழும்.

அப்படியானால் எதை எடுப்பது?

காரோடு பிறந்த பிளாக் கிடைத்தால் வேறு பேச்சே இல்லை. விரிசலை ஒட்டியோ, ஸ்லீவ் போட்டோ எப்பாடுபட்டாவது அதைக் காப்பாற்ற வேண்டும். ஓட்டப் பயமாக இருந்தால் அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஸ்டாண்டில் ஏற்றி வைத்துவிட்டு வேறு பிளாக்கில் காரை ஓட்டலாம்.

அடுத்த மரியாதை, ‘சி.இ.’ என்று குத்திய பிளாக்குக்கு. வாரண்டி காலத்தில் இன்ஜின் பழுதானால் செவ்ரோலே மாற்றிக் கொடுத்த பிளாக் அது. எழுத்துக்குப் பின்னால் ஆண்டின் இலக்கமும் வரிசை எண்ணும் இருக்கும். இசட்/28-ஐ வாங்கியவர்கள் அதைத் தடத்தில் விரட்டினார்கள், இன்ஜின் உடைந்தது, டீலர் புதியதைக் கொடுத்தார். அந்தக் காரின் உண்மையான வாழ்க்கை அது. பழைய வாரண்டிக் காகிதத்தோடு வரும் சி.இ. பிளாக்கைச் சீவிவிட்டு டி.இசட். குத்துவது, உண்மையை அழித்துப் பொய்யை எழுதுவது.

இவை இரண்டும் இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்குச் சரியான தேர்வு, காருக்குச் சில வாரங்கள் முன்பு வார்த்த, சரியான வார்ப்பு எண் கொண்ட, நான்கு போல்ட் 350 பிளாக். மே மாதக் கார் என்றால் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வார்த்த 3970010 போதும். 302-இன் கிராங்க் அதில் அப்படியே உட்காரும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பிளாக் இதுதான். அதன் திட்டில் 350-இன் எழுத்துகள் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். கார் ஓடும்போது எழும் சத்தத்திலும், சுழற்சி ஏற ஏற வரும் இழுப்பிலும் அந்த எழுத்துகள் எதையும் மாற்றுவதில்லை.

உண்மையான டி.இசட். பிளாக் ஒன்று, வேறொரு காரின் எண்ணோடு விற்பனைக்கு வரலாம். வாங்கும் முன் அந்தக் கார் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. பிரிந்த இன்ஜினையும் காரையும் சேர்த்துவைப்பதற்காகவே எண்களைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தேதி பொருந்தும் பிளாக், இன்னொருவருக்கு ஆறு இலக்கமும் பொருந்தும் பிளாக்காக இருக்கலாம். அதேபோல, எண் பொருந்தி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண 1969 காரிலிருந்து பிளாக்கை உருவி எடுப்பதும் முறையல்ல. ஒரு காரை மீட்க இன்னொரு காரை அனாதையாக்க வேண்டியதில்லை.

வார இறுதியில் வேகமாக ஓட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால், இன்று புதிதாக வார்க்கும் தடித்த சுவர் பிளாக்கை வாங்குவதிலும் இழுக்கு இல்லை. அதைப் பழையது என்று சொல்லாதவரை.

எதை எடுத்தாலும் ஒரு தாள் எழுதிக் காரோடு வைக்க வேண்டும். பிளாக்கின் வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு இறக்கியது, எவ்வளவு ரீபோர், முன்திட்டில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு புகைப்படம். இந்த இன்ஜின்களை வார்த்த கைகளும் பூட்டிய கைகளும் வயதாகி ஓய்ந்துவருகின்றன. ஆலைப் பதிவேடு இல்லாத காருக்கு உரிமையாளர் எழுதிவைப்பதுதான் பதிவேடு. ‘காரோடு பிறந்த இன்ஜின் இதுவல்ல’ என்று அந்தத் தாளில் எழுதுவதால் இன்றைக்குச் சில ஆயிரம் டாலர் குறையலாம். ஆனால் அந்தக் காரைப் பற்றி இனி யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்க ஒரு ஆதாரம் இருக்கும். மீட்டெடுத்தவர் என்ற பெயர், அதை எழுதிவைத்தவருக்குத்தான் பொருந்தும்.